பாதி வயலில் நின்றுபோகும் பழைய ஃபோர்டு 8-என்: பாயிண்ட்டா, எலெக்ட்ரானிக் இக்னிஷனா?

என்னிடம் இருப்பது 1949-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு 8-என் பெட்ரோல் டிராக்டர். பென்சில்வேனியாவில் எங்கள் 14 ஏக்கர் புல்வெளியை வெட்டுவதற்கும் குளிர்காலத்தில் பனியைத் தள்ளுவதற்கும் அதைத்தான் நம்பியிருக்கிறேன். 1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்பனையான வண்டி என்பதால் அமெரிக்கக் கிராமப்புறங்களில் இன்றும் பல கொட்டகைகளில் அதைப் பார்க்கலாம். உதிரிபாகங்களுக்கும் தட்டுப்பாடு இல்லை. இதை வைத்திருப்பவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு இழுவை குறைந்து, மிஸ் அடித்து, அணைந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகும்.

இந்தக் குறைக்கு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்திலிருந்து இரண்டு தீர்வுகள் சொல்லப்படுகின்றன. பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்), கண்டென்சர் (அந்தச் சுவிட்ச் கருகாமல் காப்பது), காயில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜைத் தரும் சுருள்) ஆகியவற்றைப் பழைய முறையிலேயே புதுப்பித்து வைத்துக்கொள்வது ஒன்று. பாயிண்ட்டையும் கண்டென்சரையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதே வேலையைச் செய்யும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டைப் பொருத்துவது மற்றொன்று. நான் இரண்டு கோடைகாலம் கிட்டோடு ஓட்டிவிட்டு மறுபடியும் பாயிண்ட்டுக்குத் திரும்பியவன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இவற்றில் எதை வாங்குவதற்கு முன்னும் வண்டி பெட்ரோல் இல்லாமல் நிற்கிறதா, தீப்பொறி இல்லாமல் நிற்கிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். இழுவை குறையத் தொடங்கும்போது, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைச் சற்றே இழுத்தால் எஞ்சின் மீள்கிறது என்றால் குறை பெரும்பாலும் பெட்ரோல் வழியில்தான் இருக்கும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும் இதே குறிதான் தெரியும். மூடியைத் தளர்த்தியவுடன் வண்டி தெளிந்தால் வேலை அத்தோடு முடிந்தது. இல்லையென்றால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கார்புரேட்டரின் அடித் திருகைக் கழற்றி, வரும் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் அரை லிட்டருக்குக் குறையாமல், விட்டுவிடாமல் கொட்ட வேண்டும். ஒழுக்கு மெலிந்துகொண்டே போனால் வடிகட்டும் கண்ணாடிக் கிண்ணத்திலோ, அதற்கு மேலே டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சல்லடையிலோ, பலரும் மறந்துவிடுகிற, கார்புரேட்டரின் நுழைவு முழங்கைக்குள் இருக்கும் சிறு சல்லடையிலோ துருத்தூள் சேர்ந்திருக்கும்.

பெட்ரோல் சரியாக வருகிறது என்றால் அந்தப் புட்டியைத் தொலைவில் வைத்துவிட்டுத் தீப்பொறிக்கு வரலாம். இந்தச் சோதனையை வண்டி நின்ற அதே நிமிடத்தில், சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும். ஆறிய பிறகு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஸ்பார்க் பிளக் வயரின் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே கால் அங்குல இடைவெளியைத் தாண்டி நீலப் பொறி விழ வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் நீலமாக இருந்த பொறி சூட்டில் மஞ்சளாக மெலிந்தாலோ, அறவே விழாமல் போனாலோ, காயில் அல்லது கண்டென்சர் மீது சந்தேகப்படலாம். என் வண்டியில் காயில் எஞ்சினின் முன்முகத்தில் டிஸ்ட்ரிபியூட்டரின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது; ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே அத்தனை வெப்பத்தையும் அதுதான் வாங்குகிறது.

நான் முதலில் செய்த தவறு இந்தச் சோதனையைச் செய்யாமல் கிட் வாங்கியது. பக்கத்துப் பண்ணைக்காரர் தம் டிராக்டரில் அதைப் போட்டு நிம்மதியாக இருப்பதாகச் சொன்னார்; அவர் சொன்னதும் உண்மைதான். கிட்டைப் பொருத்தியதும் காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆவது எளிதாயிற்று, மெதுவாக ஓடும்போது எஞ்சின் சீராக நின்றது. ஆனால் முக்கால் மணி நேரத்தில் நிற்கும் குறை அப்படியே இருந்தது. காயில் இரண்டு முறைக்கும் பொது; சூட்டில் உள்சுற்று கெடும் காயிலை எந்த கிட்டாலும் சரிசெய்ய முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காயிலை மாற்றிய பிறகு வண்டி அந்தக் கோடை முழுவதும் நிற்காமல் ஓடியது.

அடுத்த ஆகஸ்டில் கிட் போய்விட்டது. புல் பாதி வெட்டிய நிலையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், எஞ்சின் ஒரே நொடியில் அணைந்தது. பெட்ரோல் வருகிறது, காயிலுக்கு மின்சாரம் வருகிறது, பொறி மட்டும் இல்லை. கிட்டின் அந்தக் கருப்புப் பெட்டியைத் திறந்து பார்க்கவோ சுரண்டிப் பார்க்கவோ வழியில்லை. அது கெட்டதா, வயர் விட்டதா என்பதை உறுதிசெய்யக்கூட இன்னொரு புதுப் பெட்டி வேண்டும். டிராக்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தோம். எனக்கு இந்த முடிவைத் தீர்மானித்த ஒரே விஷயம் இதுதான்: வயலின் நடுவில் நின்றால், ஏன் நின்றது என்று கையில் இருப்பதை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பாயிண்ட்டில் முடியும். அது கெடுவதும் படிப்படியாகத்தான். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் மேடாக இருக்கும் கேமின் மீது உரசும் சிறு கட்டை தேயத் தேயப் பாயிண்ட்டின் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது, பொறியும் தாமதமாக விழுகிறது, வண்டி இழுவையை இழந்து சூடேறுகிறது. நாளுக்கு நாள் இழுவை குறைவதை ஓட்டுபவரே உணரலாம். கேமின் மேல் அரிசி அளவு கிரீஸ் தடவினால் இந்தத் தேய்மானம் வெகுவாகக் குறையும். கண்டென்சர் கெட்டால் அதுவும் பாயிண்ட்டின் முகத்தில் எழுதியிருக்கும்: ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக உலோகம் இடம் மாறியிருக்கும்.

முன்பக்க டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வண்டியில் வைத்தே வேலை செய்ய முயன்றால் விரல்தான் கிழியும். காயிலை எடுத்துவிட்டு இரண்டு போல்ட்டைக் கழற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் முழுதாகக் கைக்கு வந்துவிடும். தண்டின் அடிநாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதால் திரும்பப் பொருத்தும்போது தவறாக உட்காரவே உட்காராது. அதனால் டைமிங் (பொறி விழும் நேரம்) கலைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பிக்கப் வண்டியின் டெயில்கேட்டின் மேல் வைத்து, கேமின் முனை கட்டையை முழுதாகத் தூக்கும்படி தண்டைத் திருப்பி, 0.015 அங்குல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு நுழையும்படி வைக்கிறேன். பிறகு எதுவும் அச்சடிக்காத கெட்டிக் காகிதத் துண்டு ஒன்றைப் பாயிண்ட்டுக்கு நடுவே விட்டு இழுக்கிறேன். முதல் இழுப்பில் காகிதத்தில் சாம்பல் நிறக் கோடு விழும். கோடு விழாமல் வெறும் காகிதமாக வரும்வரை இழுக்க வேண்டும். கேஜில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பாயிண்ட்டில் படிந்தாலே பொறி போய்விடும் என்பதால் இந்தக் கடைசி வேலையைத் தவிர்க்கக் கூடாது. மொத்தம் அரை மணி நேரம் ஆகும்.

விலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பாயிண்ட்டும் கண்டென்சரும் சேர்ந்து ஏறத்தாழ 20 டாலர். கிட் 100 டாலருக்கு மேல். இன்று கிடைக்கும் கண்டென்சர்களில் சில ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை என்பதை என் அனுபவத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கண்டென்சரைப் பாயிண்ட்டோடு சேர்த்துத் தூக்கி எறியாதீர்கள்.

6 வோல்ட் வயரிங்கும், பாசிட்டிவ் முனை எர்த் ஆக இருப்பதும் இந்த வண்டியின் இயல்பு. துருப்பிடித்த சாவி சுவிட்சில் அரை வோல்ட் இழந்தால் 12 வோல்ட் வண்டிக்கு அது பொருட்டே அல்ல. 6 வோல்ட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. பாயிண்ட் அதைச் சகித்துக்கொள்ளும்; எலெக்ட்ரானிக் பெட்டிக்கு ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் போதிய வோல்ட்டேஜ் கிடைக்காமல் போகலாம். பேட்டரியின் முனைகளை மாற்றிக் கோத்தால் பெட்டி எரிந்துவிடும் ஆபத்தும் உண்டு. அதே நேரத்தில், 12 வோல்ட்டுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் மாற்றப்பட்ட வண்டியில் இந்தக் குறைகளில் பாதி இல்லை. அங்கே கிட்டின் பக்கம் நியாயம் கூடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, தண்டு ஆடும் வண்டியிலும் பாயிண்ட்டின் இடைவெளி ஒரு நிலையில் நிற்காது. புஷ் மாற்ற வழியில்லாதவர் கிட் போடுவதை நான் குறைசொல்ல மாட்டேன்.

நான் சொல்வது ஒரே ஒரு கிட்டோடு இரண்டு கோடை ஓட்டிய அனுபவம். பக்கத்துப் பண்ணைக்காரரின் கிட் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலும் 1950-இல் ஃபோர்டு டிஸ்ட்ரிபியூட்டரை எஞ்சினின் பக்கவாட்டுக்கு மாற்றியது. அதற்குப் பாயிண்ட் இடைவெளி 0.025 அங்குலம், காயிலும் தனியே இருக்கிறது, கழற்றாமலே கைபோகும். அந்த வண்டியை நான் ஒரு முறை மட்டுமே திறந்து பார்த்திருக்கிறேன் என்பதால், அதை வைத்திருப்பவர்கள் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் காயிலின் சூட்டுச் சோதனையை மட்டும் முதலில் செய்து பார்க்கட்டும்.