கார்ல சி.என்.ஜி. மாட்டப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க: என் 58,000 ரூபாய் போச்சு

கோவத்துல எழுதுறேன், வார்த்தை தடிச்சா பொறுத்துக்கிடுங்க. கடை பேரு போடல. குமரி மாவட்டத்துல பெட்ரோல் காருக்கு கேஸ் கிட் மாட்டுற ஒரு ஒர்க் ஷாப், அவ்வளவுதான்.

நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரத்துக்கு ஓடுற வண்டி, பெட்ரோல் கட்டுப்படியாகல. போய் விசாரிச்சேன். ஆளு தேன் மாதிரி பேச்சு. "அண்ணாச்சி, ஒங்க மச்சான் வண்டிய நாந்தான் பாக்கேன். முழுப் பணமும் இப்ப வேண்டாம். பாதி தாங்க, மீதி, சி.என்.ஜி.ன்னு பதிஞ்ச ஆர்.சி. கையில வந்த பிறகு போதும்." பணம் வேண்டாம்னு சொல்றவனை யாரு சந்தேகப்படுவா? அங்கதான் விழுந்தேன். கிட் மாட்டின அன்னைக்கு சாயங்காலமே, "ஆர்.டி.ஓ. வேலைக்கு இப்பவே கட்டணும்"னு மீதியையும் ரொக்கமா வாங்கிட்டான். மொத்தம் 58,000. பில்லுன்னு தந்தது எஸ்டிமேட் துண்டு.

பங்க்ல கேஸ் அடிக்கப் போனா, பையன் டிக்கியத் திறந்து பாத்துட்டு நாசிலைத் திரும்ப மாட்டிட்டான். சிலிண்டர் விவரம் போட்டு வண்டியில மாட்டியிருக்க பிளேட்டுல ஒரு நம்பர், சிலிண்டர்ல குத்தியிருக்கது வேற நம்பர். பெயின்டைச் சுரண்டினா பழைய டெஸ்ட் தேதி தெரியுது. மூணு வருஷத்துக்கு ஒருக்கா ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி நிரப்பி அழுத்தம் ஏத்தி சிலிண்டர் தாங்குதான்னு பாக்குறது) பண்ணணும், இது கெடு தாண்டின உருப்படி. டயர்ல காத்தோட அழுத்தம் ரெண்டு பார் சொச்சம்தான். இந்த சிலிண்டர்ல 200 பார். அதுக்கு முன்னாடி சீட்டுலதான் என் பிள்ளைகள் உக்காருது. ஆர்.சி.யில இன்னும் வெறும் பெட்ரோல்னுதான் கிடக்கு. நாளைக்கு ஒண்ணு ஆனா இன்சூரன்ஸ்காரன் கை விரிப்பான்.

அப்புறம் தொடங்கிச்சு அலைக்கழிப்பு. "சர்வர் டவுன்." "ஏஜென்ட் சபரிமலைக்குப் போயிருக்காரு." "திங்கக்கிழமை வாங்க." திங்கக்கிழமை போனா மெக்கானிக் மட்டும், "முதலாளி வெளியூர்" என்கான். உள்ள அவன் பேசுற சத்தம் எனக்குக் கேக்குது! 58,000 ரூபாய்க்கு இதுதான் மரியாதை.

என்னென்ன பாக்கணும்னு விலாவாரியா எழுத உக்காந்தேன், மனசு ஓடல. கிட்டுக்கு உங்க மாடலுக்கான அங்கீகாரச் சான்று கேளுங்க. சிலிண்டர் நம்பர், டெஸ்ட் தேதி ரெண்டையும் காயிதத்தோட நீங்களே ஒத்துப் பாருங்க. ஆர்.சி. மாறாம மீதிப் பணம் கொடுக்காதீங்க, ரொக்கமா கொடுக்கவே கொடுக்காதீங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. அது எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கு போல, இன்னைக்கு மத்தியானம் மெசேஜ் வருது: "சிலிண்டரைக் கழத்திக் கொண்டாங்க அண்ணாச்சி, மாத்தித் தாரேன்." எங்கிட்ட இருக்க ஒரே சாட்சி அந்த நம்பர் குத்தின சிலிண்டர். அதைக் கொண்டு போய் அவன் கையில கொடுப்பேனா? வக்கீலைப் பாக்குற வரை அது என் டிக்கியிலதான் இருக்கும், காலியா.