“12 கட்டமும் நிக்குது பாருங்க தம்பி”: பழைய எலெக்ட்ரிக் காரில் நான் இழந்த 4,800 பவுண்ட்

நேற்று இரவு 11 மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை, இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இருந்துகொண்டு பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா என்று யோசிக்கிற எல்லாரும் இதைப் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் ஒழுங்காகப் பட்டியல் போட்டுத் தருகிறேன். முதலில் என் 4,800 பவுண்ட் போன கதை.

நாங்கள் ரெடிங்கில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு வேலை ஸ்விண்டனில், வாரத்தில் 2 நாள் போக வேண்டும். எம்4 நெடுஞ்சாலையில் போக 40 மைல், வர 40 மைல். சுவரில் சார்ஜர் மாட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஆனால் வாசலில் வண்டி நிறுத்த இடம் உண்டு, சாதாரண மூன்று முள் பிளக்கில் செருகும் கேபிள் போதும், இரவு முழுக்க மெதுவாக ஏறட்டும் என்று கணக்குப் போட்டேன். அலுவலகத்திலும் சார்ஜர் இருக்கிறது. நான் வாங்கியது 2016-ஆம் ஆண்டு நிசான் லீஃப், 30 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி. 2017 ஏப்ரலுக்கு முன் பதிவான எலெக்ட்ரிக் கார் என்பதால் சாலை வரி ஆண்டுக்கு 20 பவுண்ட்தான். நல்ல வண்டியாக அமைந்தால் 80 மைலை ஒரே சார்ஜில் ஓட்டிவிடலாம். வண்டியை நான் இப்போதும் குறை சொல்லவில்லை. விற்றவரைத்தான் சொல்கிறேன்.

வீட்டுச் சாமானிலிருந்து கார் வரை எல்லாம் விற்கும் ஒரு தளத்தில்தான் விளம்பரம் பார்த்தேன். மேற்கு லண்டனில் ஒரு தொழிற்பேட்டைக்குள் இருக்கிற சின்ன யார்டு, முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். பெயர் சொல்ல மாட்டேன், வழக்குப் போடலாம் என்று இருக்கிறேன். செப்டம்பர் 20, சனிக்கிழமை, மனைவியையும் 6 வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் யார்டுக்காரர் முகம் மலர்ந்தது. “அட, நம்ம ஆளுங்களா! எந்த ஊரு தம்பி?” என்றார். பேப்பர் கப்பில் டீ வந்தது. அந்த நிமிஷமே நான் பாதி ஏமாந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

லீஃபில் பேட்டரி எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதைக் காட்ட, திரையின் வலது ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் உண்டு. புதிதில் 12. பேட்டரி தேயத் தேய மேலிருந்து ஒவ்வொன்றாக அணையும். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது வேறு, இது வேறு. அவர் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, பொத்தானை அழுத்தி, விரல் வைத்து எண்ணினார்: “ஒண்ணு, ரெண்டு, மூணு…” பின்னால் இருந்த என் மகளும் கூடவே எண்ணினாள், பன்னிரண்டு வரைக்கும், தமிழில். “பாப்பாவுக்குத் தமிழ் எவ்வளவு நல்லா வருது!” என்று சொல்லி அவள் கையில் ஒரு சாக்லேட் கொடுத்தார். “12 கட்டமும் நிக்குது பாருங்க தம்பி. இந்த வருஷத்து வண்டியில இப்படி வேற எங்கயும் கிடைக்காது.”

வேறு எங்கும் கிடைக்காதுதான். அந்தக் கால லீஃபின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, ஒன்பது வருடம் ஓடியதில் ஒன்றிரண்டு கட்டமாவது போயிருக்க வேண்டும். இப்போது தெரிகிறது. அன்று ‘யாரோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்’ என்று சந்தோஷப்பட்டேன். எம்ஓடி என்ற ஆண்டுதோறும் நடக்கும் கட்டாய வாகனச் சோதனையின் வரலாற்றை அரசாங்கத் தளத்தில் பார்த்தேன், மைல் கணக்கு சரியாக இருந்தது. கடன் பாக்கி, திருட்டு வண்டியா என்றெல்லாம் காசு கட்டிச் சரிபார்த்தேன். இவற்றில் எதுவுமே பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. எம்ஓடியில் பிரேக், விளக்கு, டயர் எல்லாம் பார்ப்பார்கள், பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதில்லை.

விலை 4,900. கிரெடிட் கார்டை எடுத்தேன். “கார்டுன்னா எனக்குக் கட்டணம் பிடிப்பான் தம்பி. பேங்க்ல போட்டுடுங்க, நூறு குறைச்சுக்கறேன்” என்றார். போனில் அங்கேயே அனுப்பிவிட்டேன், 4,800 பவுண்ட். ‘பணம் பெறுபவரை உங்களுக்குத் தெரியுமா?’ என்று வங்கியின் செயலி எச்சரித்தது. தெரியும் என்று அழுத்தினேன். டீ கொடுத்தவர் அல்லவா!

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. காலையில் திரை 106 மைல் என்று காட்டும், ஸ்விண்டன் போய்ச் சேரும்போதும் தாராளமாக மிச்சம் காட்டும், அங்கே சார்ஜ் போட்டுவிடுவேன். ஆனால் கடைசி 10 மைலில் எண்கள் சரசரவென்று இறங்குவதுபோல் ஒரு சந்தேகம். செப்டம்பர் 29 அன்று அவருக்கு வாட்ஸப்பில் கேட்டேன். குரல் பதிவாகப் பதில் வந்தது: “குளிர் ஆரம்பிச்சா பேட்டரி கொஞ்சம் சுணங்கும் தம்பி, பயப்படாதீங்க.” செப்டம்பரில் என்ன குளிர்? அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

அக்டோபர் 10. பள்ளிக்குப் போகும் வழியில் மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, இன்னிக்குப் பதினொண்ணுதான் இருக்கு” என்றாள். அன்றும் கேட்டேன். “புது ஆள் கைக்கு வந்திருக்கு இல்லையா, பேட்டரி பழகணும். ரெண்டு வாரம் நல்லா இறக்கி ஏத்துங்க, சரியாயிடும்.” அந்த ‘ரெண்டு வாரம்’ என்ற சொல்லை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, ஸ்விண்டனில் ஒரு நண்பர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போனோம். திரும்பும்போது மழை, ஹீட்டர், வைப்பர். இன்னும் 40 மைலுக்கு மேல் ஓடும் என்று திரை சொன்னது. மெம்பரி ஓய்விடத்தை நெருங்கும்போது அந்த எண் மறைந்து மூன்று கோடுகள் வந்தன, கொஞ்ச நேரத்தில் ஆமைப் படம். ஆமை வந்தால் வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். இடது ஓரப் பாதையில், பின்னால் லாரிகள் விளக்கடிக்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்ந்துபோய் ஓய்விடத்துக்குள் நுழைந்தோம். பழைய லீஃபை வேகமாக ஏற்ற சாடெமோ என்ற வகைக் கைப்பிடி வேண்டும், இப்போது வருகிற புதுக் கார்களுக்கெல்லாம் சிசிஎஸ் என்ற வேறு வகை. அங்கே காலியாக இருந்த சார்ஜர்கள் எல்லாம் சிசிஎஸ். சாடெமோ இருந்த ஒன்றில் வேறொருவர் வண்டி. முக்கால் மணி நேரம் காத்திருந்து, யூனிட்டுக்கு 79 பென்ஸ் கொடுத்து ஏற்றினேன். வீட்டில் நள்ளிரவுக் கட்டணத்தில் 8 பென்ஸ் கொடுக்கிறவன் நான். மகள் பின்சீட்டில் பசியோடு தூங்கிப்போனாள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில், வேண்டுமென்றே 10 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, நிரம்பும் வரை சார்ஜ் போட்டேன். ஏறியது 17 யூனிட்டும் கொஞ்சமும், வழியில் வீணாவதையும் சேர்த்து. 30 யூனிட் பேட்டரியில்! கட்டம் பொய் சொல்லலாம், சார்ஜரின் மீட்டர் என்ன பொய் சொல்லப்போகிறது?

கூட வேலை பார்க்கும் ஒருவர் நாலு வருடமாக லீஃப் வைத்திருக்கிறார். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைக்க இருக்கும் ஓபிடி பிளக்கில் விரல் அளவு கருவி ஒன்றைச் செருகி, போனில் லீஃப்ஸ்பை என்ற செயலியைத் திறந்தார். பேட்டரியின் ஆரோக்கியம் சதவீதமாக அதில் தெரியும். இரண்டு நாள் தொடர்ந்து பார்த்தோம், எண் இறங்கிக்கொண்டே இருந்தது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பேட்டரியைக் கவனிக்கும் கணினி, அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கற்று நினைவில் வைத்திருக்குமாம். புதுப் பேட்டரி மாற்றும்போது அந்த நினைவை அழிப்பார்கள். அதே வேலையைத் தேய்ந்த பேட்டரியை வைத்துக்கொண்டும் செய்யலாம். அழித்த அன்று 12 கட்டமும் பளிச்சென்று எரியும். ஓட ஓடக் கணினி உண்மையைத் திரும்பக் கற்றுக்கொள்ளும், கட்டங்கள் ஒவ்வொன்றாக அணையும். அதற்குச் சில வாரம் ஆகும். அந்தச் சில வாரம்தான் அவர் என்னை இழுத்தடித்த வாரங்கள். இன்று காலை நிலவரம் 63 சதவீதம், 8 கட்டம்.

இனி வருவதுதான் என் வயிற்றெரிச்சல். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கடைக்காரரிடம் வாங்கிய பொருள் குறையுள்ளது என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். எனக்கு அது அக்டோபர் 20 வரை. 16-ஆம் தேதி விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்றே ‘வண்டியை நிராகரிக்கிறேன், 4,800 பவுண்டைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று ஒரே வரி எழுதியிருக்க வேண்டும். நான் என்ன எழுதினேன் தெரியுமா? “அண்ணா, என்ன செய்யலாம்?” என்று எழுதினேன். அண்ணாவாம்!

“சனிக்கிழமை கொண்டு வாங்க, பாத்துடலாம்” என்றார். 18-ஆம் தேதி போனால் ஷட்டர் மூடியிருந்தது. போன் செய்தால், “வீட்டுல விருந்தாளிங்க தம்பி. தீபாவளி முடியட்டும், அடுத்த சனிக்கிழமை கட்டாயம்.” அக்டோபர் 20 தீபாவளி. என்னுடைய 30-ஆவது நாள். காலையில் விளக்குப் படம் போட்டு வாழ்த்து அனுப்பினார். நானும் கைகூப்பிப் பதில் அனுப்பினேன். என் மனைவி இதை இன்னும் மன்னிக்கவில்லை.

25-ஆம் தேதி யார்டில் இருந்தார். டீ இல்லை, தமிழும் இல்லை. முழுக்க ஆங்கிலம். முப்பது நாள் தாண்டிவிட்டதாம், எம்ஓடி பாஸ் ஆன வண்டியாம், ரசீதில் ‘சோல்டு ஆஸ் சீன்’, அதாவது பார்த்த நிலையிலேயே விற்றது என்று எழுதியிருக்கிறதாம். கடைக்காரர் அப்படி எழுதி வைத்தால் சட்டம் தந்த உரிமை போய்விடாது என்று நுகர்வோர் உதவி எண்ணில் பிறகு சொன்னார்கள். அங்கே நிற்கும்போது எனக்கு வாயடைத்துப்போனது. விளம்பரத்தையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டார். நல்லவேளை, ‘12 கட்டம்’ என்ற வரியோடு மனைவி அதைப் படம் பிடித்துத் தன் தங்கைக்கு அனுப்பியிருந்தாள். எங்களிடம் இருக்கும் ஒரே பிடி அதுதான். அதன் பிறகு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். நேற்று இரவு வந்த பதில்: வண்டியை 1,500 பவுண்டுக்கு அவரே எடுத்துக்கொள்வாராம், ‘நல்லெண்ண அடிப்படையில்’. 4,800 கொடுத்து 50 நாள்கூட ஆகவில்லை.

6 மாதம் ஆகாததால், குறை விற்கும்போது இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு என்கிறார்கள். ‘ஸ்மால் கிளெய்ம்ஸ்’ என்ற சிறு தொகை வழக்கில் 10,000 பவுண்ட் வரை கேட்கலாம். போடுவேன். எப்போது முடியுமோ தெரியாது, அதுவரை ஸ்விண்டனுக்கு ரயில்.

பட்டியல் தருகிறேன் என்று சொன்னேன், எழுதும் நிலையில் இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். கட்டத்தை நம்பாதீர்கள். கருவியும் செயலியும் எடுத்துப்போங்கள், ஒன்பது வருட வண்டி 100 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் அங்கேயே திரும்பிவிடுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே நெடுஞ்சாலையில் கடைசி வரை ஓட்டி, திரும்ப எத்தனை யூனிட் ஏறுகிறது என்று பாருங்கள். முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வண்டி விலை 30,000-ஐத் தாண்டாத வரை, 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி முழுத் தொகைக்கும் கார்டு தந்த வங்கியும் பொறுப்பு. கார்டுக்கென்று தனிக் கட்டணம் உங்களிடம் வாங்குவது 2018 முதல் சட்டவிரோதம். குறை தெரிந்தால் போன் பண்ணாதீர்கள், எழுதுங்கள், ‘நிராகரிக்கிறேன்’ என்ற சொல்லைப் போட்டு எழுதுங்கள். பழைய லீஃபுக்கு மெதுவாக ஏற்றும் துளையும் வேறு, டைப் 1. அதற்கான கேபிள் இருக்கிறதா என்று கேளுங்கள், எனக்கு அதையும் தரவில்லை.

இதை எழுதி முடிக்கும்போது மனைவி போனைக் காட்டுகிறாள். அதே தளம், அதே முற்றம், பின்னால் அதே நீல ஷட்டர். இந்த முறை வெள்ளை லீஃப், 2015. ‘12 கட்டமும் உண்டு’ என்று போட்டிருக்கிறது. விலை 4,500.