மருந்தாளுநரின் திறனை எதைக் கொண்டு அளப்பது: மணிக்கணக்கா, பதிவேடா, நேரில் பார்ப்பதா?

இன்சுலின் ஊசியில் சிவப்பு மூடி போட்டது ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு. ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் உள்ளதற்கு. எங்கள் கடையில் இரண்டும் அடுத்தடுத்த டப்பாக்களில் இருக்கின்றன. 100 யூனிட் குப்பியோடு சிவப்பு மூடி ஊசியைக் கொடுத்துவிட்டால், 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தவரின் உடம்பில் 50 யூனிட் ஏறிவிடும். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். படிக்கும் காலத்தில் இதை எல்லாரும் படித்துத்தான் வருகிறோம். இருபது ஆண்டு கழித்து, மாலை ஏழு மணிக் கூட்டத்தில் அந்த மூடியின் நிறம் கண்ணில் படுகிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி. தொடர்கல்வி பற்றி யார் எந்த முறையைப் புகழ்ந்தாலும் இந்த ஊசியை வைத்தே எடைபோட்டுப் பார்ப்பேன்.

நம் நாட்டில் 2015-இல் வந்த மருந்தகப் பணி விதிமுறைகளின்படி, பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுகளுக்குள் குறைந்தது ஒரு நாள் அளவிலான இரண்டு புத்தாக்கப் பயிற்சிகளில் கலந்துகொள்ள வேண்டும். நான் போன ஒன்றில் காலையில் கையெழுத்து, மதியம் சாப்பாடு, மாலை சான்றிதழ். பேசிய பேராசிரியர் புதிய சர்க்கரை மருந்துகளைப் பற்றி அருமையாகவே பேசினார். ஆனால் அரங்கில் இருந்த யாருக்கு என்ன புரிந்தது என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. டிப்ளமோ முடித்தவர்களுக்கு 2022 விதிமுறைகள் கொண்டுவந்த வெளியேறும் தேர்வு நல்ல முயற்சிதான். மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடு வாங்க வேண்டும். ஆனால் அது தொழிலுக்குள் நுழையும்போது ஒரு முறை மட்டும்.

அமெரிக்காவில் மணிக்கணக்கு. கலிஃபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு 30 மணி நேரம், நியூயார்க்கில் மூன்று ஆண்டுக்கு 45. பாடம் நடத்தும் நிறுவனத்துக்கு அங்கீகாரம் வேண்டும். முடித்த பாடங்கள் மின்னணுக் கணக்கில் ஏறும். பாடத்தின் தரத்துக்கு இது காவல். படித்தவரின் கை எப்படி வேலை செய்கிறது என்பதை இதுவும் பார்ப்பதில்லை.

பிரிட்டன் வேறு வழியில் போனது. முன்பு ஆண்டுக்கு ஒன்பது கற்றல் பதிவுகள் எழுத வேண்டும். 2018-இல் அதை நான்காகக் குறைத்து, சக பணியாளர் ஒருவரோடு ஒரு கலந்துரையாடலையும், தன் பணியைத் தானே அலசி எழுதும் ஒரு குறிப்பையும் சேர்த்தார்கள். கற்றதால் நோயாளிக்கு என்ன பயன் கிடைத்தது என்பதை எடுத்துக்காட்டோடு எழுத வேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி. குறை என்னவென்றால், எழுதுவது நாமே. நம் கண்ணில் படாத தவறு பதிவேட்டிலும் ஏறாது. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2006-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மருத்துவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணை வெளியார் அளந்ததோடு ஒப்பிட்டது. 20 ஒப்பீடுகளில் 13-இல் இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. மருந்தாளுநர்கள் மட்டும் விதிவிலக்கு என்று நான் நம்பவில்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஒழுங்குமுறை அமைப்பின் ஆலோசகர் ஒருவர் மருந்தகத்துக்கே வந்து, நாம் வேலை செய்வதைப் பார்க்கிறார். நோயாளியிடம் என்ன கேட்டறிகிறோம், எப்படி முடிவெடுக்கிறோம், எதைக் குறித்து வைக்கிறோம், எப்படி விளக்கிச் சொல்கிறோம் என்ற நான்கையும் கவனிக்கிறார். சிவப்பு மூடி சிக்கினால் இங்கேதான் சிக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

செலவு பெரிது என்பார்கள், உண்மைதான். ஒவ்வொரு கடைக்கும் ஆள் அனுப்புவது நமக்கு எளிதல்ல. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவு, பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் மருந்து வழங்க வேண்டும் என்கிறது. சுவரில் சான்றிதழ் மட்டும் தொங்கி, அதற்குரியவர் கடையில் இல்லாவிட்டால், வருகிற ஆலோசகர் யாருடைய வேலையைப் பார்ப்பார்? இதைச் சரிசெய்யாமல் எந்த நாட்டு முறையைக் கொண்டுவந்தாலும் பயன் இருக்காது என்பதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அதுவரை, இருக்கும் இரண்டு நாள் பயிற்சியில் ஒரு நாளையாவது மாற்றலாம். கனடாவில் உரிமத் தேர்வின் இரண்டாம் பகுதியில் நடிகர்கள் நோயாளியாக வந்து பேசுவார்கள். நாமும் பத்துப் பேர் கொண்ட குழுவாகப் பிரிந்து, ஒருவர் நோயாளியாகச் சீட்டை நீட்ட, ஒருவர் மருந்து எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பார்த்துச் சொல்லலாம். பிரிட்டனின் சக பணியாளர் உரையாடலுக்கோ ஒரு காசு செலவில்லை.

அதை நான் செய்து பார்த்தேன். இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் இளைய மருந்தாளுநரை, ஒரு மாலை முழுவதும் என் கவுன்டருக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். கூட்டம் குறைந்ததும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்கள் கொடுத்த ஊசி சரிதான், அண்ணா. ஆனால் வீட்டில் மிச்சம் இருக்கும் ஊசி எது என்று இன்று இன்சுலின் வாங்கிய மூன்று பேரிடமும் கேட்கவே இல்லையே."

மறுநாள் முதல், இன்சுலின் வாங்க வருகிறவர்களை அடுத்த முறை பழைய ஊசியின் மூடியைக் கொண்டுவரச் சொல்கிறேன்.