சூரியசக்தியா, காற்றாலையா? மனிதவளப் பணிக்கு எது ஏற்றது?

ஆள்சேர்ப்பு: சூரியசக்திப் பூங்காவின் கட்டுமான மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் தேவை, பேனல்கள் பொருத்தி முடிந்ததும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களே மிஞ்சுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளரின் வருகைப் பதிவேடு, கூலிப் பட்டியல், தங்குமிடம் என்றே நாள் ஓடிவிடும்.
காற்றாலையில் ஆள் குறைவு. தேர்ந்த தொழில்நுட்பர் கிடைப்பதும் அரிது.

பயிற்சி: இதில் காற்றாலைப் பணி எனக்கு மிகவும் பிடிக்கும். உயரக் கோபுரம் ஏறுபவரின் உயிர் உங்கள் பதிவேட்டையும் நம்பியிருக்கிறது. ஜி.டபிள்யூ.ஓ. (காற்றாலைத் துறையின் பாதுகாப்புப் பயிற்சித் தரங்களை வகுக்கும் உலக அமைப்பு) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி பொதுவாக 2 ஆண்டுகளே செல்லும். சான்றிதழ் காலாவதியானவரை மேலே அனுப்பக் கூடாது.
சூரியசக்தியில் மின்பாதுகாப்பும் வெயில் தாக்காமல் காப்பதும் முக்கியம்.

தொழிலாளர் சட்டத்தைக் களத்திலேயே விரைவாகக் கற்க விரும்புபவர் சூரியசக்திக்குப் போகலாம். ஒரே குழுவை ஆண்டுக்கணக்கில் வளர்த்தெடுக்க ஆசைப்படுபவருக்குக் காற்றாலைதான்.