ஆபீஸ் மென்பொருள் லிங்க்கை நம் பிரவுசரில் திறக்க: எந்த செட்டிங் எதற்கு உதவும்?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஆடிட்டர் ஆபீஸ், ரப்பர் கடை, இ-சேவை மையம் என்று எங்கே போனாலும் பெரும்பாலும் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோதான். பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் அதில்தான் கிடக்கும். ஆனால் அவுட்லுக்கில் வந்த மெயிலில் ஒரு லிங்க்கை அமுக்கினால் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசர் வந்து நிற்கிறது, அங்கே எதிலும் லாகின் இருக்காது.

எல்லோரும் முதலில் போவது விண்டோஸ் செட்டிங்ஸுக்கு. ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ், அப்புறம் வேண்டிய பிரவுசரைத் திறந்து 'செட் டிஃபால்ட்'. விண்டோஸ் 11 2021-ல் வந்தபோது எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்று லிங்க் வகை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. 2022-ல் ஒரே பட்டனாக்கிவிட்டார்கள். வேர்டும் எக்ஸெலும் இதற்குக் கட்டுப்படும். டாஸ்க்பார் தேடல் கட்டுப்படாது, அதை விட்டுவிடுங்கள்.

அவுட்லுக்கும் டீம்ஸும்தான் சிக்கல். 2023-ல் மைக்ரோசாஃப்ட் 365 பயனர்களுக்கு இந்த இரண்டிலும் லிங்க் திறக்கத் தனி செட்டிங் கொண்டுவந்து, அதை எட்ஜ் பக்கம் திருப்பி வைத்தார்கள். மெயிலும் இணையப் பக்கமும் எட்ஜில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் என்பது அவர்கள் சொன்ன காரணம், எட்ஜையே பயன்படுத்துகிறவருக்கு அது வசதிதான். ஆனால் விண்டோஸில் ஒருவர் தெளிவாகத் தேர்ந்தெடுத்து வைத்ததை இன்னொரு மென்பொருள் தாண்டிப் போவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. பழைய அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய், ஹைப்பர்லிங்க் எதில் திறக்க வேண்டும் என்ற இடத்தில் 'டிஃபால்ட் பிரவுசர்' வையுங்கள். டீம்ஸில் செட்டிங்ஸுக்குள் 'ஃபைல்ஸ் அண்ட் லிங்க்ஸ்'. கம்பெனி கணக்கு என்றால் அட்மின் பாலிசி இதைப் பூட்டி வைத்திருக்கலாம், அப்போது அவரிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது வழி ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம். இது வேறு நோய்க்கான மருந்து. குலசேகரத்தில் ஒரு ரப்பர் வியாபாரி எக்ஸெலில் ரப்பர் போர்டின் தினசரி விலைப் பக்கத்துக்கு லிங்க் வைத்திருந்தால் பிரச்சினையே வராது, அது யாரும் பார்க்கும் பக்கம். லாகின் கேட்கும் தளத்தின் லிங்க் என்றால், பிரவுசரில் ஏற்கெனவே உள்ளே இருந்தாலும் மறுபடி லாகின் பக்கமே வந்து நிற்கும். காரணம், எக்ஸெல் முதலில் தானே அந்த முகவரிக்குப் போய்ப் பார்க்கிறது. அதற்கு உங்கள் லாகின் தெரியாது, தளம் அதை லாகின் பக்கத்துக்குத் தள்ளுகிறது, அந்த முகவரியைத்தான் பிரவுசரிடம் கொடுக்கிறது. அதில் ஃபோர்ஸ்ஷெல்எக்ஸிக்யூட் (ForceShellExecute) என்ற மதிப்பை 1 ஆக்கினால் லிங்க் நேராகப் பிரவுசருக்குப் போகும். உங்கள் ஆபீஸ் எந்தப் பதிப்பானாலும் அது 9.0 என்ற ஃபோல்டருக்குள்தான் இருக்க வேண்டும், அங்கேதான் பலர் தவறுகிறார்கள். ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லாதவர்கள் லிங்க்கை காப்பி செய்து பிரவுசரில் ஒட்டினாலே போதும்.

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. விண்டோஸோ உபுண்டுவோ, சிஸ்டத்தில் எது டிஃபால்ட்டோ அதில் திறக்கும். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு கிளிக் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கடிதம், பில், கணக்கு மட்டும் பார்க்கும் கடைக்கு நான் இதைத்தான் சொல்வேன். அவுட்லுக்கை விட முடியாதவர்கள் முதல் இரண்டு செட்டிங்கையும் சேர்த்தே செய்யுங்கள், ஒன்றை மட்டும் செய்துவிட்டு எட்ஜைத் திட்ட வேண்டாம்.