குழந்தைக்கு விமானப் பயணப் பை: ஓட்டும் பெட்டியா, ட்ராலியா, முதுகுப்பையா?

மூன்று வயதுப் பிள்ளை தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குள் நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், நம் பிள்ளைக்கும் ஒன்று வாங்கலாமே என்று தோன்றும். வாங்குங்கள், தவறே இல்லை. ஆனால் கடையில் நின்று நாம் எல்லோரும் கேட்கிற கேள்வி "இதைக் குழந்தையால் இழுக்க முடியுமா?" என்பதுதான். இரண்டு பிள்ளைகளோடு (பெண்ணுக்கு இப்போது ஏழு வயது, பையனுக்கு நான்கு) பல தடவை பறந்த பிறகு நான் கேட்கிற கேள்வி வேறு. பிள்ளை பெட்டியைக் கீழே போட்டுவிட்டு "அம்மா, தூக்கு" என்று கையை நீட்டும்போது, ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் இருக்கும்போது, இந்தப் பெட்டி எங்கே போகும்? சின்னப் பிள்ளைகளின் பை எதுவாக இருந்தாலும் பாதி வழிக்கு மேல் அதைச் சுமப்பது நாம்தான், அதனால் கீழே சொல்கிற எல்லா வகையையும் அந்த ஒரு கணக்கில்தான் எடை போட்டிருக்கிறேன்.

முதலில் ஓட்டும் பெட்டி, அதாவது பிள்ளை மேலே ஏறி உட்கார, நாம் பட்டையைப் பிடித்து இழுத்துப் போகிற வகை. இதைப் பிரபலமாக்கியது ட்ரங்கி. ராப் லா என்ற பிரிட்டன் வடிவமைப்பாளர் 2006-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் முதலீடு கேட்டுப் போனார், அங்கே முதலீட்டாளர் ஒருவர் பட்டையைப் பிடித்து இழுத்ததில் அது பிய்ந்துவிட்டது, பணமும் கிடைக்கவில்லை. பெட்டி பிற்பாடு உலகமெங்கும் விற்றது, அது வேறு விஷயம். நான் இதைச் சொல்வதற்குக் காரணம், இன்றைக்கும் இந்த வகைப் பெட்டி வாங்கும்போது முதலில் இழுத்துப் பார்க்க வேண்டியது அந்தப் பட்டையையும் கொக்கியையும்தான். பதினைந்து கிலோ பிள்ளையும் உள்ளே இருக்கிற சாமானும் சேர்ந்த முழு இழுவையும் அந்த ஒரு கொக்கியில் விழுகிறது. இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்: ட்ரங்கியைப் போலவே தெரிந்த ஒரு பெட்டிக்கு எதிரான வடிவ உரிமை வழக்கில் 2016-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ட்ரங்கிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஒரே மாதிரி தோற்றத்தில் பல பெட்டிகள் கிடைக்கின்றன, ஆனால் தோற்றம் ஒன்றாக இருப்பதால் கொக்கியும் பூட்டும் ஒரே தரத்தில் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

அளவைப் பார்த்தால், ட்ரங்கி ஏறத்தாழ 46 × 31 × 20.5 செ.மீ., கொள்ளளவு 18 லிட்டர், வெறும் பெட்டியே 1.7 கிலோ. கேபின் பைக்கு 7 கிலோதான் என்று கறாராக எடை பார்க்கிற விமானத்தில் அதில் கால்வாசி வெறும் பெட்டிக்கே போய்விடும். இதன் பலம் ஒரே இடத்தில்தான் தெரியும், ஆனால் அந்த இடத்தில் நன்றாகவே தெரியும்: நீளமான, வழவழப்பான, கூட்டமில்லாத தரை. கேட்டிலிருந்து கேட்டுக்கு இருபது நிமிடம் நடக்க வேண்டிய பெரிய விமான நிலையத்தில், நடக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட பிள்ளையை இதில் ஏற்றி இழுத்துப் போனால் அது உண்மையிலேயே பெரிய உதவி. வரிசையில் நிற்கும்போது உட்காரவும் ஆகும்.

அடுத்த பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு மூன்று வயதாக இருந்தபோது ராத்திரி நேரத்தில் ஓரிடத்தில் விமானம் மாறினோம். இறங்கும்போதே தூங்கிவிட்டான். அவனை இடது தோளில் சாய்த்துக்கொண்டு ஓட்டும் பெட்டியின் பட்டையை வலது தோளில் மாட்டினேன். எடை அப்படியொன்றும் பெரிதில்லை, ஆனால் அது கெட்டிப் பிளாஸ்டிக், உடம்போடு ஒட்டாது, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பெலும்பில் டக் டக்கென்று இடிக்கும், சக்கரம் தொடையில் உரசும். இழுத்துக்கொண்டு போகலாம் என்றால் மேலே ஆள் இல்லாத பெட்டி திருப்பத்தில் கவிழ்ந்து கவிழ்ந்து விழுகிறது. எஸ்கலேட்டரில் இதை உருட்டவே கூடாது, தூக்கித்தான் ஆக வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் இன்னொரு சிக்கல்: பிள்ளைக்கு அது பெட்டி இல்லை, குதிரை. அதை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் தள்ளினால் அழுகை வரும். "அந்தப் பக்கம் வெளியே வரும் பார், நாம் போய் பிடிக்கலாம்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இது நன்றாகவே வேலை செய்கிறது.

இதே குடும்பத்தில் படுக்கையாக மாறுகிற பெட்டி ஒன்று உண்டு, ஸ்டோக்கே நிறுவனத்தின் ஜெட்கிட்ஸ் பெட்பாக்ஸ். இருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் இதை வைத்து, மேலே உள்ள சின்ன மெத்தையை விரித்தால் பிள்ளை காலை நீட்டிப் படுக்கலாம். நீண்ட இரவுப் பயணத்தில் பிள்ளை தூங்கினால் நாமும் கொஞ்சம் கண் மூடலாம், அதன் அருமை பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் வெறும் பெட்டியே 3 கிலோ அளவில் வந்துவிடுகிறது. எல்லா விமான நிறுவனங்களும் இதைப் படுக்கையாக விரிக்க விடுவதும் இல்லை, அனுமதிக்கிற இடத்திலும் எந்த இருக்கையில் என்பதற்கு விதி உண்டு, விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் மடக்கி வைத்துவிட வேண்டும். நீங்கள் போகிற நிறுவனத்தின் விதியைப் பெயர் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மட்டும் வாங்குங்கள். எட்டு, பத்து மணி நேரப் பயணம் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போகிறவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு இத்தனை எடை தேவையில்லை என்பது என் கருத்து.

பேட்டரியில் ஓடுகிற பெட்டிகளும் இருக்கின்றன. சின்னப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். பெட்டியே கனம், அதோடு லித்தியம் பேட்டரியைக் கழற்ற முடியாத பெட்டிகளை 2018 முதலே பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

அடுத்தது ட்ராலி. இங்கே கடைக்காரர் நான்கு சக்கரப் பெட்டியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார், விரல் வைத்தாலே உருளும், பிள்ளையும் உடனே மயங்கிவிடும். நான் சொல்வது இரண்டு சக்கரம். விமானத்துக்குள் போகிற அந்த நடைபாலம் பல இடங்களில் சரிவாக இருக்கும், பிள்ளை கையை விட்ட அடுத்த நொடி நான்கு சக்கரப் பெட்டி தானாக ஓடி முன்னால் போகிறவர் கணுக்காலில் இடிக்கும். இரண்டு சக்கரப் பெட்டி விட்ட இடத்தில் நிற்கும். அதன் சக்கரம் பெரும்பாலும் கொஞ்சம் பெரியது, வெளியே மேடுபள்ளமான நடைபாதையிலும் சமாளிக்கும்.

ஆனால் ட்ராலியில் எல்லோரும் கோட்டை விடுகிற விஷயம் கைப்பிடியின் உயரம். பிள்ளை உயரத்துக்கு மட்டும் நீள்கிற கைப்பிடி என்றால், அது கைமாறி நம்மிடம் வந்ததும் குனிந்துகொண்டேதான் இழுக்க வேண்டும். இரண்டு உயரத்தில் நிற்கிற கைப்பிடியாகப் பாருங்கள், ஒன்று பிள்ளையின் இடுப்புக்கு மேலே, இன்னொன்று நம் கை சாதாரணமாகத் தொங்குகிற அளவுக்கு. அப்புறம், நான்கு வயதுக்குக் கீழே ட்ராலி வேண்டாம். அந்த வயதில் பிள்ளை முன்னால் பார்த்து நடக்கும், பின்னால் வருகிற பெட்டி ஞாபகத்தில் இருக்காது, திடீரென்று நிற்கும், பின்னால் வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். ஆறு வயதுக்கு மேல் நிலைமையே மாறிவிடுகிறது. என் பெண் இப்போது தன் ட்ராலியை எனக்குக் கொடுப்பதே இல்லை, விமானத்தில் தலைக்கு மேலே இருக்கிற லாக்கரில் ஏற்ற மட்டும்தான் கூப்பிடுகிறாள்.

இப்போது முதுகுப்பை. என் ஓட்டு இதற்குத்தான், ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

பிள்ளை முதுகில் ஏற்றும் சுமை அதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பதினைந்து கிலோ பிள்ளைக்கு ஒன்றரைக் கிலோ, அதுவும் பையின் எடையையும் சேர்த்து. கேட்கும்போது தாராளமாகத் தெரியும், அடுக்கிப் பார்த்தால்தான் எவ்வளவு குறைவு என்று புரியும். பை கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ. அரை லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டில் இன்னொரு அரைக் கிலோவுக்கு மேல். முடிந்தது, மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதனால் பாட்டிலைக் காலியாக வைத்து, சோதனை முடிந்த பிறகு நிரப்பி என் பையில் போட்டுக்கொள்கிறேன். பையன் பையில் இருப்பது ஒரு துணிப் பொம்மை, மெல்லிய அட்டைப் புத்தகம் ஒன்று, ஆறு கிரேயான், சின்ன நோட்டு, ஒரு ஸ்வெட்டர். அவ்வளவுதான். ஸ்லைம் மாதிரி குழகுழப்பான விளையாட்டுப் பொருள் வேண்டாம், சோதனையில் அதைத் திரவக் கணக்கில்தான் சேர்ப்பார்கள், பல விமான நிலையங்களில் 100 மி.லி. டப்பாவுக்கு மேல் போனால் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். துப்பாக்கி வடிவ பொம்மையும் கூடாது.

வாங்கும்போது மார்புக்குக் குறுக்கே ஒரு சின்ன பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள், சின்னப் பிள்ளையின் தோள் சரிவாக இருப்பதால் அது இல்லாவிட்டால் பட்டை வழுக்கிக்கொண்டே இருக்கும். பையின் அடிப்பாகம் பிள்ளையின் இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. இரண்டு வயதில் ஓடுகிற பிள்ளைக்கு, பிடித்துக்கொள்ள நீளமான கயிறு வைத்த முதுகுப்பை கிடைக்கிறது. பார்க்கிறவர்கள் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும், கூட்டத்தில் பிள்ளை தொலையாமல் இருப்பது முக்கியம். எஸ்கலேட்டர் பக்கம் போகும்போது மட்டும் கயிற்றைக் கழற்றிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, பிள்ளை இதைக் கழற்றிப் போட்டால்? என் முதுகுப்பையின் பட்டையில் ஒரு கொக்கி வைத்திருக்கிறேன், பையன் பையின் மேல் காதை அதில் மாட்டினால் வேலை முடிந்தது. மேலே சொன்ன அதே இரவு மாற்றத்தை ஆறு மாதம் கழித்து இந்தப் பையோடு செய்தோம், அப்போதும் அவன் தூங்கிவிட்டான், ஆனால் இரண்டு கையும் அவனுக்கே இருந்தது. ஸ்ட்ரோலர் கைப்பிடியில் மட்டும் பையை மாட்டாதீர்கள், பிள்ளையைத் தூக்கிய அடுத்த நொடி வண்டி பின்னால் சாயும். விமானத்துக்குள் இந்தப் பை முன்னிருக்கைக்கு அடியில் போய்விடுகிறது, கெட்டிப் பெட்டிகள் பெரும்பாலும் மேலே லாக்கருக்குத்தான் போகும். அதனால் பெல்ட் விளக்கு எரிகிற நேரத்தில் பிள்ளை பொம்மை கேட்டாலும் எழுந்திருக்க வேண்டியதில்லை. முன்னால் இருக்கை இல்லாத முதல் வரிசை கிடைத்தால் மட்டும் விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் எல்லாப் பையும் மேலே போக வேண்டும்.

இரண்டு வயதுக்குக் கீழே தனிப் பையே வேண்டாம். மடியில் வைத்துப் போகிற குழந்தைக்குக் கேபின் பை உரிமை பல நிறுவனங்களில் கிடையாது, சிலவற்றில் பால், டயப்பர் வைக்க ஒரு சின்னப் பை கூடுதலாக விடுவார்கள், டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பொதுவாக 100 மி.லி. கட்டுப்பாடு இல்லை, ஆனால் தனியாக எடுத்துக் காட்டச் சொல்வார்கள், அதனால் அவை மேலேயே இருக்கட்டும். நம் முதுகுப்பைக்குள் ஒரு சின்ன ஜிப் பவுச் வையுங்கள்: இரண்டு டயப்பர், வைப்ஸ், ஒரு மாற்றுடை, அழுக்குத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். விமானக் கழிவறையில் டயப்பர் மாற்றுகிற மடிப்புப் பலகையில் குழந்தையைப் படுக்க வைத்தால் பெரிய பை வைக்க இடமே இருக்காது, இந்தப் பவுச் மட்டும் கையில் போனால் போதும். உங்களுக்கும் ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தை கக்குவது நம் மேல்தான்.

செக்-இன் பெட்டியைப் பொறுத்தவரை பிள்ளைக்கென்று தனிப் பெட்டி வேண்டாம். இருக்கை வாங்கிய பிள்ளைக்குப் பெரும்பாலும் பெரியவர்கள் அளவு சாமான் விடுவார்கள் என்பது உண்மைதான், ஆனால் பெட்டி அதிகமாகலாம், நம் கை அதிகமாகாது. எல்லோருடைய துணியையும் எல்லாப் பெட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைத்தால், ஒரு பெட்டி தாமதமானாலும் பிள்ளைக்கு மாற்றுடை இருக்கும்.

எந்தப் பையானாலும் பிள்ளையின் பெயரை வெளியே பெரிதாக எழுதாதீர்கள். பெயர் தெரிந்த யாரும் பிள்ளையிடம் பழகியவர் போலப் பேசலாம். உள்ளே ஒரு அட்டையில் உங்கள் போன் எண் இருந்தால் போதும்.

வாங்கிய பிறகு, பறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் எல்லாவற்றையும் அடுக்கி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அதன் பையோடு உங்கள் பையையும் எடுத்துக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பாருங்கள். போன தடவை நாங்கள் அப்படி நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டும் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனோம். இப்போது அதில் பையனின் மரக்கட்டைகள் இருக்கின்றன, கூடத்தில் அதன் மேல் ஏறி உட்கார்ந்து அக்காவை இழுக்கச் சொல்கிறான்.