நாய் வளர்ப்போர் கவனத்திற்கு: குப்பியைக் காட்டாமல் போட்ட நான்கு ஊசிகள்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நாங்கள் வளர்க்கும் செவலை என்ற ஐந்து வயதுச் சிப்பிப்பாறை நாய்க்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, இன்னும் மூன்று மாதம்தான் தாங்கும் என்று சொல்லி, திருநெல்வேலி மாநகருக்குள் இயங்கும் ஒரு தனியார் செல்லப்பிராணி கிளினிக்கில் எங்களிடம் 30,600 ரூபாய் வாங்கினார்கள். செவலைக்கு வந்தது புற்றுநோய்தான். அதில் பொய் இல்லை. அது என்ன வகைப் புற்றுநோய் என்பதை அவர்கள் பார்க்கவே இல்லை என்பதும், அதற்கான மருந்து என்று சொல்லிப் போட்டது அந்த மருந்து அல்ல என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் கிளினிக்கின் பெயரை இங்கே எழுதவில்லை.

சென்ற ஆவணியில் ஒரு நாள் காலை, கோலம் போடப் போன அம்மா திண்ணைக்குக் கீழே குங்குமம் சிந்தியது போல நான்கைந்து சொட்டு ரத்தம் கிடப்பதைப் பார்த்துவிட்டு என்னை எழுப்பினார்கள். செவலை இராத்திரியில் வயக்காட்டுப் பக்கம் சுற்றிவிட்டு விடியற்காலையில் வந்து படுப்பவன் என்பதால், எங்கேயோ உடைமுள் கிழித்திருக்கும் என்று விட்டுவிட்டோம். ஒரு வாரம் கழித்தும் சொட்டு நிற்கவில்லை. அவன் குனிந்து குனிந்து ஆண்குறியை நக்கிக்கொண்டே இருந்தான். உறையின் அடிப்பகுதி ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. நீர்க்கடுப்பாக இருக்கும் என்று பக்கத்து ஊரில் கொடுத்த மாத்திரைகளை ஐந்து நாள் கொடுத்தோம். வீக்கம் எலுமிச்சம்பழம் ஆனது.

அந்தக் கிளினிக்கைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் எதுவும் இல்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் வெளிநாட்டு நாய்களின் படங்கள், வாசலில் நான்கைந்து கார்கள் ஆகியவற்றைப் பார்த்து நம்பினோம். உள்ளே இருந்தவர் உறையைப் பின்னால் தள்ளி, காலிஃபிளவர் போலச் சிவந்து பிதுங்கிய சதையை இரண்டு விநாடி பார்த்துவிட்டு, முன்னங்காலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் வந்த தாளில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, "ரத்தத்துலயே வந்துட்டு, பாத்தீங்களா? கேன்சர்தான், பரவிட்டு" என்றார். பக்கத்தில் நின்ற அம்மா அழுதார்கள். அழுதுகொண்டிருக்கும் வீட்டாரிடம் அடுத்த பேச்சாகவே விலையைப் பேசினார்: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் மருந்து, ஒரு ஊசி 6,500 ரூபாய், மொத்தம் ஆறு ஊசி, கூடவே எதிர்ப்புச் சக்திக்கு ஒரு பவுடரும் டானிக்கும் 2,800 ரூபாய். பார்த்ததற்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அன்று 1,800 ரூபாய் தனியாகக் கட்டியிருந்தோம்.

வெள்ளணுக்கள் கூடியிருப்பதற்கு உடம்பில் எங்கேயோ சீழோ கிருமித் தொற்றோ இருப்பதே போதும் என்பதும், இப்படி வெளியே தெரியும் ஒரு கட்டியை அதன் அணுக்களை எடுத்துப் பார்க்காமல் ரத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து இன்ன நோய் என்று சொல்ல முடியாது என்பதும் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். கேன்சர் என்ற சொல் காதில் விழுந்த பிறகு, யாரும் கேள்வி கேட்கும் நிலையில் இருப்பதில்லை. கையில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் கணக்குப் போடுகிறோம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சிரிஞ்சில் ஏற்கெனவே நிரப்பிய மருந்து உள்ளறையிலிருந்து வந்தது. மருந்தின் பெயரைக் கேட்டேன். "இம்யூனோ" என்று தொடங்கும் ஒரு பெயரை வேகமாகச் சொன்னார்கள். சீட்டில் எழுதவில்லை. குப்பியை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நாயை எடை போடவும் இல்லை. பின்தொடைச் சதையில் ஒரே குத்தாகக் குத்தி, பஞ்சால் தேய்த்து அனுப்பிவிடுவார்கள். பணத்தை மேசையில் ஒட்டியிருந்த ஜிபே குறியீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். அது கிளினிக்கின் பெயரில் இல்லாமல் ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. பில் கேட்டபோது, கம்ப்யூட்டர் ரிப்பேர், அடுத்த வாரம் மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள்.

இரண்டாம் ஊசிக்குப் பிறகு செவலை தட்டில் வைத்ததையெல்லாம் வழித்துத் தின்றான். தண்ணீர்ச் சட்டியை ஒரு நாளைக்கு மூன்று முறை நிரப்ப வேண்டியிருந்தது. வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் செய்யாதவன், நடுராத்திரியில் அடுக்களை வாசலிலேயே மூத்திரம் பெய்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பசி வந்துவிட்டது, மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் மகிழ்ந்தோம். இந்த அகோரப் பசியும் தாகமும் அளவில்லாத மூத்திரமும் ஸ்டீராய்டு ஊசி போட்ட நாய்களிடம் வழக்கமாகக் காணப்படுபவை என்று பின்னால் ஒரு மருத்துவர் விளக்கினார். சிரிஞ்சில் இருந்தது ஸ்டீராய்டுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் கட்டி மட்டும் சிறுக்கவே இல்லை. நான்காம் ஊசிக்குப் பிறகு ரத்தம் சொட்டாக இல்லாமல் கோடாகவே வழிந்தது.

அப்போது பேச்சு மாறியது. உறுப்பையே வெட்டி எடுக்க வேண்டும், 35,000 ரூபாய் ஆகும். இல்லையென்றால் வலி தெரியாமல் தூங்க வைத்துவிடலாம், 4,000 ரூபாய் என்றார்கள். வேறு ஒருவரிடம் காட்ட ரிப்போர்ட் வேண்டும் என்று கேட்டதற்கு, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்று பதில் வந்தது. முதல் நாள் கொடுத்த சீட்டில் அச்சிட்டிருந்த மருத்துவரின் பெயரைச் சொல்லி அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் வெளியூரில் இருப்பதாகச் சொன்னார்கள். நான்கு வாரமாக ஊசி போட்டவர் யார் என்று அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அதற்குப் பதில் வரவில்லை.

தூங்க வைத்துவிடலாம் என்று நாங்கள் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். குழி எங்கே வெட்டுவது என்பதுவரை பேசியாகிவிட்டது. ஆடு வளர்க்கும் என் பெரியப்பா மகன்தான், "ஏலே, ராமையன்பட்டியில காலேஜே இருக்குல்லா, அங்க ஒரு எட்டு காட்டாமலா குழி வெட்டுதிய?" என்று சத்தம் போட்டு, மறுநாள் காலை தன் லோடு ஆட்டோவையே கொண்டுவந்து நிறுத்தினார். சங்கரன்கோவில் சாலையில், ராமையன்பட்டியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி 2012 முதல் இருக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அங்கே போகிற ஊர்க்காரர்களாகிய நாங்கள், நாய்க்கு என்றவுடன் கண்ணாடிக் கதவைத் தேடிப் போயிருக்கிறோம்.

அங்கே நடந்ததைப் பார்க்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு கண்ணாடித் தகட்டை அந்தச் சதையின் மேல் மெல்ல ஒற்றி எடுத்து, உலர்த்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த மருத்துவர் என்னையும் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமான அணுக்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பாசிமணி கோத்தது போலச் சின்னச் சின்னக் குமிழிகள். ட்ரான்ஸ்மிஸிபிள் வெனீரியல் டியூமர், சுருக்கமாக டி.வி.டி., அதாவது இனச்சேர்க்கையின்போது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் கட்டி என்றார். தெருவில் சுதந்திரமாகச் சுற்றும் நாய்கள் மிகுந்த நம் நாட்டில் இது சர்வசாதாரணம். இதில் தொற்றுவது வைரஸோ பாக்டீரியாவோ அல்ல, புற்றணுவே நேராக அடுத்த நாயின் உடம்பில் போய் ஒட்டி வளர்கிறது. சாதாரண நாயின் அணுவில் 78 குரோமோசோம்கள் இருக்கும். இந்தக் கட்டியின் அணுவில் 57 முதல் 64 வரைதான். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய அணுக்களே இன்றுவரை நாய்க்கு நாய் தாவி வருகின்றன. ஒரு நாயின் கட்டியிலிருந்து எடுத்ததை இன்னொரு நாய்க்கு மாற்றி வளர்த்துக் காட்டியதே 1876இல். அவ்வளவு பழைய, அவ்வளவு தெரிந்த நோயை, செல்லப்பிராணிகளுக்கென்றே பலகை வைத்திருக்கும் இடத்தில் தெரியாமல் விட்டார்களா, தெரிந்தே விட்டார்களா என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். வாரம் ஒன்றாகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு ஊசிகளில் இந்தக் கட்டி கரைந்துவிடும். ஒரு மில்லிகிராம் குப்பி, மருந்துக் கடையில் எனக்கு நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் முதலில் எடை பார்த்து அளவைக் கணக்கிட்டார்கள். ரத்தம் எடுத்து, வெள்ளணுக்கள் 4,000க்குக் கீழே போகவில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். அதன் பிறகே முன்னங்கால் ரத்த நரம்பில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாயைப் போட்டு, அது சரியாக நரம்புக்குள் இருக்கிறதா என்று சலைன் விட்டுப் பார்த்து, மெதுவாக மருந்தைச் செலுத்தினார்கள். காரணம், இந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே அழுகிப் புண்ணாகிவிடும். இதைக் கேட்டபோதுதான் அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு விளங்கின. நான்கு முறை தொடைச் சதையில் குத்தியும் செவலையின் தொடையில் ஒரு தடிப்புக்கூட வரவில்லை. எது போட்டார்களோ, இந்தக் கட்டிக்கு உரிய மருந்தை அவர்கள் போடவில்லை. இன்னொன்றையும் மருத்துவர் சொன்னார்: இந்தக் கட்டியை நாயின் சொந்த எதிர்ப்புச் சக்தியும் ஓரளவு எதிர்த்து நிற்கும், ஆகவே ஸ்டீராய்டு போட்டிருந்தால் அது கட்டிக்குத்தான் உதவியிருக்கும்.

வின்கிரிஸ்டினை எடுப்பது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நம் தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் மருந்துக் கம்பெனிகளுக்காகப் பயிரிடுகிறார்களே, அதே செடிதான். சுடுகாட்டுமல்லி என்று சொல்லி எங்கள் தாத்தா அதை வீட்டு வாசலில் வைக்கவே விட்டதில்லை. வெளிநாட்டு மருந்துக்கு 26,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்து இதைத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் ஊசியில் ரத்தம் நின்றது. ஐந்தாம் ஊசிக்குப் பிறகு கட்டி இருந்த இடத்தில் ஒரு சிறு வெளுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. ஊசி போட்ட ஓரிரு நாட்களுக்கு மூத்திரத்தையும் மலத்தையும் கையுறை போட்டுத்தான் அள்ள வேண்டும், குழந்தைகளை அண்ட விடக்கூடாது என்று முதல் நாளே சொல்லி அனுப்பினார்கள். முந்தைய இடத்தில் கேன்சர் மருந்து என்று காசு வாங்கியவர்கள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இனி எழுதப்போவது எங்கள் தவறு. கடைசிக் காலம், கட்டிப்போட்டு வதைக்க வேண்டாம், அவன் இஷ்டத்துக்கு விடுங்கள் என்று கிளினிக்கில் சொன்னதைக் கேட்டு, அந்த ஒரு மாதமும் செவலையை இராத்திரியில் அவிழ்த்தே விட்டிருந்தோம். இது தொற்றும் நோய் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கார்த்திகையில், எங்கள் தெருவிலேயே பிறந்து எல்லார் வீட்டுச் சோற்றிலும் வளர்ந்த மணி என்ற பெட்டை நாய்க்கும் அதே ரத்தச் சொட்டு ஆரம்பித்தது. செவலையிடமிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், அவனிடமிருந்து வரவில்லை என்று சொல்லும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. வீட்டு நாயைப் போல அவள் வந்து நிற்க மாட்டாள். வாரா வாரம் கருவாட்டைக் காட்டிக் கூப்பிட்டு, சாக்கைப் போர்த்திப் பிடித்து, அதே லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோகிறோம். இரண்டு ஊசி முடிந்திருக்கிறது.

செவலைக்கு வந்தது குணமாகும் வகை என்பது எங்கள் நல்ல காலம். எல்லா நாய்க்கும் அப்படி அமைவதில்லை. பெட்டை நாயின் முலைக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதி கெட்ட கட்டிகள். அவற்றை வெட்டுவதற்கு முன்பே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெட்டிய சதையைக் குப்பையில் போடாமல் ஃபார்மலினில் இட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய்க்கு, வகை தெரியும் முன்பே ஸ்டீராய்டு போட்டுவிட்டால், பிறகு கொடுக்கும் கீமோ சரியாகப் பிடிக்காமல் போகக்கூடும். ஆகவே, புற்றுநோய் என்று யார் சொன்னாலும், ஊசியிலோ தகட்டிலோ அணுவை எடுத்துப் பார்த்தீர்களா, அதை எழுதித் தருவீர்களா என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். மருந்துக் குப்பியை உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லி, அதன் பெயரையும் தொகுதி எண்ணையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடுபவரின் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். 1984ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெறாதவர் கால்நடை மருத்துவம் பார்க்கக் கூடாது.

மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு புகார் அனுப்பியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவும் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை அதற்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். என் கையில் இருப்பவை ஒரு மருந்துச் சீட்டு, சிவப்பு வட்டம் போட்ட ரத்தப் பரிசோதனைத் தாள், ஐந்து ஜிபே பதிவுகள், ராமையன்பட்டியில் எழுதித் தந்த பரிசோதனை முடிவு ஆகியவை மட்டுமே. கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள ஓர் இடத்தில், பில் இல்லாமல், ஒரு தனிநபர் பெயருக்கு நாய்க்கான கேன்சர் ஊசிப் பணம் அனுப்பியவர்கள் வேறு யாரேனும் இருந்தால், அந்தப் பதிவுகளை அழித்துவிடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வியாழக்கிழமை மட்டும் பதில் தாமதமாகும். அன்று மணிக்கு மூன்றாம் ஊசி.